கேத்தில் படிவில் தொடங்குங்கள்: வன்னிக் கிராமங்களில் தரம் 6–9 விஞ்ஞானம் எடுக்க வருவோருக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எடுக்கப் போகிறீர்களா? புதிய நியமனத்தில் வருபவராக இருக்கலாம், தொண்டர் ஆசிரியராக இருக்கலாம், மாலை வகுப்புக்கு உதவ வந்த பல்கலைக்கழக மாணவராகவும் இருக்கலாம். கீழே சொல்லியிருக்கும் தவறுகள் எல்லாம் வகுப்பில் உண்மையாக நடப்பவை. அவற்றைத் திரும்பச் செய்து நீங்கள் ஒரு தவணையை இழக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாடப்புத்தகத்துச் சோதனைகள் எந்த ஊர்த் தண்ணீருக்கும் எந்த ஊர்க் காற்றுக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. இங்கே கிணற்று நீரில் சுண்ணாம்புத்தன்மை கூட. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடித்தால் மெழுகுதிரி நிற்காது. மாரியில் எதுவும் காயாது. அதனால் முதல்நாள், அதே இடத்தில், அதே தண்ணீரில் நீங்களே செய்து பார்க்காத எந்தச் சோதனையையும் பிள்ளைகளுக்கு முன்னால் வைக்காதீர்கள். ஒரு சோதனை பிழைத்தால் பிள்ளை "விஞ்ஞானம் புத்தகத்துக்குள்ளதான் சரி" என்று முடிவெடுத்துவிடும். அந்த எண்ணத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

1. கடதாசி வேலையை முதல் வாரத்திலேயே முடியுங்கள்

நான்கு தாள்கள் போதும். முதலாவது, அதிபரின் எழுத்துமூல அனுமதி. வாய்ச்சொல்லில் தொடங்காதீர்கள். அதிபர் மாற்றலாகிப் போனால் உங்கள் பெட்டியும் அலுமாரிக்குள் பூட்டுப்படும். கடிதத்தில் எந்த நாள், எந்த நேரம், எந்த அறை, தீ பாவிக்கப்படுமா என்ற நான்கும் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வருபவர் என்றால் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் தேவையா என்பதை அதிபரிடமே கேட்டு, தேவையெனில் அவர் மூலமாகவே விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது, பெற்றோர் சம்மதக் கடிதம். அரைப் பக்கம் காணும். பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை ஏதும் உண்டா என்று தவறாமல் கேளுங்கள். தாய் தகப்பன் இல்லாமல் அம்மம்மாவுடன் வளரும் பிள்ளைகள் இங்கே நிறைய. "தாய்/தந்தை கையொப்பம்" என்று அடிக்காமல் "பாதுகாவலர் கையொப்பம்" என்று அடியுங்கள். ஒரு சொல்தான், ஆனால் கடிதத்தைக் கையில் வாங்கும் பிள்ளையின் முகம் அதில் மாறும்.

மூன்றாவது, பொருள் இருப்புக் கொப்பி. நான்காவது, கடைப் பற்றுச்சீட்டுகள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமோ தர உள்ளீட்டு நிதியிலோ (கற்பித்தல் பொருட்களுக்கு அரசு பாடசாலைக்குத் தரும் காசு) காசு கேட்பதாக இருந்தால் சீட்டு பாடசாலையின் பெயரில், திகதியுடன் இருக்க வேண்டும். வெறும் துண்டில் எழுதிய கணக்குக்குக் காசு வராது. கொள்வனவுக்கு முன்பே அனுமதி வேண்டுமா என்பதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பாடப்புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தினது, ஆசிரியர் வழிகாட்டி தேசிய கல்வி நிறுவகத்தினது. இரண்டையும் கையில் எடுத்து, பிள்ளைகளிடம் இருக்கும் பதிப்பும் உங்களிடம் இருப்பதும் ஒன்றுதானா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

நேரம்: பாடவேளை சுமார் 40–45 நிமிடம்தான். அதில் மேசை ஒழுங்குபடுத்த 5, கழுவித் துடைக்க 8 போய்விடும். 25 நிமிடத்துக்கு மேல் எடுக்கும் சோதனைக்கு இரட்டைப் பாடவேளை கேட்டு வாங்குங்கள். மாலை வகுப்பு என்றால் 5 மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். காட்டுக்கரைப் பாதைகளில் பொழுதுபட்டால் யானை இறங்கும்.

2. பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது

30 பிள்ளைகளை 6 குழுவாகப் பிரித்துக் கணக்குப் பாருங்கள். ஐந்து பேருக்கு மேல் ஒரு குழுவில் இருந்தால் இரண்டு பேர் செய்வார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். வாங்க வேண்டியவை: 5 மில்லிலீற்றர் ஊசியில்லாச் சிறிஞ்சு 6, மருந்துத் துளியூற்றி 6, 1 கிராம் வரை காட்டும் டிஜிற்றல் சமையலறைத் தராசு 1, சிவப்புத் திரவம் உள்ள வெப்பமானி 2, டோர்ச் பற்றரி 12, சிவப்பு எல்ஈடி 10, 100 ஓம் தடையி 10, வினாகிரி 2 போத்தல், அப்பச்சோடா 100 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஒரு பொட்டலம், பொவிடோன் அயடீன் சிறு போத்தல் ஒன்று, புதிய சேலைன் குழாய் 2. சிறிஞ்சும் அயடீனும் குழாயும் பாமசியில் எடுக்கலாம். எல்ஈடியும் தடையியும் ரேடியோ, ரீவி திருத்தும் கடைகளில் சில்லறையாகத் தருவார்கள். கிளிநொச்சி நகரிலோ வவுனியா நகரிலோ ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். செலவில் பெரும்பங்கு தராசுக்கும் வெப்பமானிக்கும்தான் போகும். காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் தராசை வாங்குங்கள். நிறுத்துப் பார்த்த பிள்ளைக்கு அடர்த்தியும் வரும், பிழை கணக்கிடவும் வரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. அப்பச்சோடா கேட்டால் பேக்கிங் பவுடரைத் தூக்கித் தருவார்கள். அதில் மாப்பொருள் கலந்திருக்கும், அயடீன் பட்டால் கருநீலமாகும், உங்கள் மாப்பொருள் பாடம் குழம்பும். காய்ச்சி வடித்த நீர் வாங்க எரிபொருள் நிலையத்துக்கோ பற்றரிக் கடைக்கோ போனால் "பற்றரித் தண்ணி" என்று மட்டும் கேட்காதீர்கள். சில கடைகளில் அந்தப் பெயருக்கு அசிட்டை எடுத்துத் தருவார்கள். அது சல்பூரிக்கமிலம், கண்ணையும் தோலையும் எரித்துவிடும். "அண்ணை, அசிட் இல்லை, வடிச்ச தண்ணி" என்று சொல்லி, போத்தலில் எழுதியிருப்பதை வாசித்த பிறகு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் பாடத்துக்கு எடுக்க வேண்டாம். அது 35 முதல் 42 பாகை செல்சியஸ் வரைதான் காட்டும், சுடுநீரில் வைத்தால் வெடிக்கும், பழையதென்றால் உள்ளே இரசம் இருக்கும்.

வெற்றுப் போத்தல் கொண்டுவரச் சொல்லும்போது "குடிதண்ணிப் போத்தல் அல்லது சோடாப் போத்தல்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சும்மா "போத்தல்" என்றால் வயலுக்கு மருந்தடித்த போத்தலைக் கழுவிக்கொண்டு வரும் பிள்ளை உண்டு. எத்தனை தரம் கழுவினாலும் அதைப் பாவிக்கக் கூடாது.

இனி, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் மறக்கக் கூடாத ஒன்று. காந்தம், உலோகம் படிப்பிக்கும்போது "வீட்டைச் சுற்றி, காணியில் கிடக்கும் இரும்புத் துண்டு கொண்டு வாங்கோ" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். வன்னி மண்ணில் வெடிக்காத பொருட்கள் இன்னும் கிடக்கின்றன. கண்ணிவெடி அகற்றி முடித்த காணியிலும் மழைக்குப் பிறகு ஏதாவது வெளியே தெரியலாம். பிள்ளை உங்களை மகிழ்விக்கத்தான் பொறுக்கிக்கொண்டு வரும். ஆணி, கரண்டி, சாவி, சில்லறைக் காசு, சோடா மூடி ஆகியவற்றை நீங்களே கொண்டுபோங்கள். அந்தப் பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்தில், அறியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல், எறியாமல், வந்த அடியிலேயே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், பெரியவர்கள் 119 க்கு அறிவிக்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். பாடத்திட்டத்தில் அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

3. நுரைச் சோதனை: முதல் பாடம் தண்ணீரிலேயே இருக்கட்டும்

கரைசல், வீழ்படிவு, அமிலம், வாயு, வெப்பத்தால் நடக்கும் மாற்றம் என்று நடுநிலை வகுப்புகளில் வரும் பாதிக்கு மேற்பட்ட கருத்துகளை இங்குள்ள தண்ணீரை வைத்தே கற்பிக்கலாம். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த விடயமும் அது. எந்தக் கிணற்றில் சவுக்காரம் நுரைக்காது, எந்தக் குளத்தில் குளித்தால் தலைமயிர் பட்டுப்போல் வரும் என்று அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.

தயாரிப்பு முதல்நாள். கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி 10 கிராம் நிறுத்து எடுங்கள். 500 மில்லிலீற்றர் இளஞ்சூடான மென்னீரில் கரைத்துத் துணியில் வடியுங்கள். மென்னீர் என்றால் மழைநீர், ஊரில் உள்ள ஆர்ஓ (உப்பு நீக்கிச் சுத்திகரிக்கும்) நிலையத்துத் தண்ணீர், அல்லது காய்ச்சி வடித்த நீர். கிணற்று நீரில் கரைத்தால் கரைக்கும்போதே சவர்க்காரத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கசடாகப் பிரிந்துவிடும், சோதனை தொடங்கும் முன்பே கெட்டுவிடும். இரவில் கரைசல் களிபோல் தடித்திருந்தால் சுடுநீருக்குள் போத்தலை வைத்து இளக்குங்கள்.

மாதிரிகள் நான்கு: மழைநீர், கிணறு, குளம், 10 நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுத்த கிணற்று நீர். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று உங்களுக்குக் கிட்டிய குளத்துத் தண்ணீரை எடுங்கள். குழாய்க்கிணறு இருந்தால் ஐந்தாவதாகச் சேருங்கள்.

ஒரே அளவான 500 மில்லிலீற்றர்ப் போத்தல்களில் ஒவ்வொரு மாதிரியிலும் 50 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். சிறிஞ்சால் அரை மில்லிலீற்றர் சவர்க்காரக் கரைசல் விட்டு, மூடி, 10 தரம் குலுக்கி, மேசையில் வையுங்கள். நுரை ஒரு நிமிடம் உடையாமல் நிற்கும்வரை அரை அரை மில்லிலீற்றராகச் சேருங்கள். சேர்த்த மொத்தத்தைப் பிள்ளைகளே எழுதட்டும். மழைநீர் முதல் ஒன்றிரண்டு தடவையிலேயே நுரைத்துவிடும். வன்னீர், அதாவது சுண்ணாம்புத்தன்மை கூடிய நீர், என்றால் நாலைந்து மில்லிலீற்றர், சில கிணறுகளில் அதற்கும் மேலே போகும். அதுவரை நுரைக்குப் பதில் தயிர் திரைந்ததுபோல் ஒரு கலங்கல் மிதக்கும். "ரீச்சர், எங்கட கிணறு பழுதா?" என்று யாராவது கேட்பார்கள். பழுதில்லை, அதில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன, அவை சவர்க்காரத்தைப் பிடித்துக் கசடாக்கிவிடுகின்றன என்று சொல்லுங்கள். பிடிக்க இருந்தவை முடிந்த பிறகுதான் நுரை வரும். பிள்ளை அளந்த அந்த மில்லிலீற்றர்தான் வன்மையின் அளவு.

சோதனை பிழைப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. சலவைத் தூளோ பாத்திரம் கழுவும் திரவமோ பாவித்தால் வன்னீரிலும் நன்றாக நுரைக்கும், வித்தியாசமே தெரியாது. போத்தலில் முந்திய சவர்க்காரம் ஒட்டியிருந்தால் கணக்குக் குறையும். மூன்றாவது, கடற்கரைப் பக்கக் கிணறு. சவர்த் தண்ணீரிலும் நுரை குறைவுதான். நாக்கில் உப்புக் கரிக்கும் தண்ணீரையும், கரிக்காமலே நுரைக்காத தண்ணீரையும் ஊரில் ஒரே பெயரால் சொல்வதுண்டு. இரண்டும் வேறு என்பதை இங்கேயே பிரித்துக் காட்டுங்கள். ஆனால் வகுப்பில் வாயில் வைத்துப் பார்க்க விட வேண்டாம், வீட்டில் குடித்துப் பழகிய தண்ணீரைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கொதித்து ஆறிய நீர் பச்சைத் தண்ணீரைவிடக் குறைந்த சவர்க்காரத்தில் நுரைத்தால், அந்த வித்தியாசம் எங்கே போனது? அடுத்த பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். பதிலை அன்றைக்கே சொல்லிவிடாதீர்கள்.

4. கேத்திலின் அடியில் இருப்பது

ஒவ்வொரு குழுவும் வீட்டுக் கேத்திலின் அடியில் சுரண்டிய வெள்ளைப் படிவு அரைத் தேக்கரண்டி கொண்டு வரட்டும். பெரும்பாலும் அது கல்சியம் காபனேற்று. பொடியாக்கி, 10 மில்லிலீற்றர் வினாகிரி விடுங்கள். பொங்கும். மெதுவாகப் பொங்கினால் வினாகிரியைக் கொஞ்சம் சூடாக்குங்கள். வெளிவருவது காபனீரொட்சைட்டு என்று வாயால் சொன்னால் காணாது, காட்ட வேண்டும். அதற்குச் சுண்ணாம்பு நீர் தேவை.

சுண்ணாம்பு நீர் செய்ய, ஒரு லீற்றர் மென்னீரில் ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பைக் கலக்கி, மூடி, இரவு முழுக்க வையுங்கள். காலையில் மேலே கண்ணாடிபோல் தெளிந்து நிற்பதை மட்டும் ஆடாமல் இறக்குங்கள். கிணற்று நீரில் செய்தால் கலந்தவுடனேயே அந்த நீரிலுள்ள கல்சியம் வெள்ளையாகப் பிரிந்து விழும், கரைசலும் வலுக் குறையும். திறந்து வைத்தால் காற்றுப் பட்டு மேலே ஆடை படியும். சிறு போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். இது கண்ணுக்குப் பொல்லாதது. பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிள்ளைகளைக் கலக்க விடாதீர்கள், நீங்களே கலக்குங்கள்.

போத்தல் மூடியில் சூடாக்கிய ஆணியால், குழாயைவிட ஒரு நூலளவு சிறிய துளையிட்டு, சேலைன் குழாயை இறுக்கிச் செருகுங்கள். போத்தலில் படிவும் வினாகிரியும், குழாயின் மறுமுனை சுண்ணாம்பு நீரில். பால்போல் வெளுக்கும். வெளுக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நுரை குழாய்வழி ஏறி வினாகிரி மறுபக்கம் போய்விட்டது. போத்தலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இனித்தான் இந்தப் பாடத்தின் உயிர். வெளுத்த சுண்ணாம்பு நீருக்குள் வாயு தொடர்ந்து போனால் அது மறுபடி தெளிய வேண்டும் என்று புத்தகம் சொல்லும். பல ஆசிரியர்கள் உறிஞ்சியால் ஊதவைப்பார்கள், பிள்ளைக்குத் தலை சுற்றும், தண்ணீர் தெளியாது. காரணம் எளிது. நாம் வெளிவிடும் மூச்சில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 4 வீதம்தான். நிரம்பிய சுண்ணாம்பு நீரில் உருவாகும் அவ்வளவு வெள்ளையையும் அதனால் கரைக்க முடியாது. ஆகவே ஒரு பங்கு சுண்ணாம்பு நீருக்கு நாலு பங்கு மழைநீர் சேர்த்து ஐதாக்குங்கள். மூச்சை விட்டு, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டியும் வினாகிரி 60 முதல் 70 மில்லிலீற்றரும் தரும் வாயுவைப் பாவியுங்கள். வினாகிரியைச் சிறிது சிறிதாக விட்டால் வாயு நெடுநேரம் வரும். முதலில் மெல்லிய பால் நிறம், பிறகு சில நிமிடங்களில் அது மறையும்.

இப்போது அந்தத் தெளிந்த நீரைப் பிள்ளைகளிடம் காட்டிக் கேளுங்கள்: இது என்ன தண்ணீர்? சவர்க்காரக் கரைசலை விட்டுப் பார்க்கட்டும். நுரைக்காது. அவர்கள் வீட்டுக் கிணற்று நீரைத்தான் போத்தலுக்குள் செய்திருக்கிறார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறையையும் கல்சியம் உள்ள மண்ணையும் கரைக்கிறது, இங்கே நாம் குழாயால் விட்டோம், அவ்வளவுதான். மீதியைத் தகரப் பேணியில் ஊற்றிக் கொதிக்கவையுங்கள். வாயு வெளியேறும், வெள்ளைக் கலங்கல் திரும்ப வரும். கேத்தில் படிவு பிறந்தது எப்படி என்று அதற்குப் பிறகு நீங்கள் சொல்லத் தேவையில்லை. முந்திய பாடத்தில் விட்டுவைத்த கேள்விக்கும் பதில் அங்கேயே கிடக்கும்.

இந்தத் தொடருக்கு மூன்று பாடவேளை ஒதுக்குங்கள். இரண்டில் முடிக்கலாம் என்று அவசரப்பட்டால் கொதிக்கவைக்கும் கடைசிப் படி விடுபடும்.

5. செவ்வரத்தம்பூவும் மஞ்சளும்

அமிலமா காரமா என்று காட்டும் பாசிச்சாயத்தாள் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். சிவப்புச் செவ்வரத்தம்பூ இதழ் 10 முதல் 15 வரை எடுத்து, 200 மில்லிலீற்றர் சூடான மென்னீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். தேசிப்புளி, புளிக்கரைசல், வினாகிரிக்கு இளஞ்சிவப்பு ஏறும். அப்பச்சோடா, சாம்பல் நீர், சவர்க்காரத்துக்குப் பச்சைப் பக்கம் போகும். வன்னீரில் ஊறவைத்தால் சாறு எடுக்கும்போதே நீலம் கலந்து மங்கிவிடும், ஏனென்றால் அந்த நீரே சற்றுக் காரத்தன்மை உடையது. பலர் பூ சரியில்லை என்று பூவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாற்ற வேண்டியது தண்ணீரை. சாறு அன்றைக்கு மட்டும்தான் நிற்கும்.

மஞ்சள் தாள் இன்னும் இலகு: மஞ்சள் தூள் கரைசலில் வெள்ளைத் தாளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். காரத்துக்குச் செங்கபில நிறமாகும், அமிலத்துக்கு மாறாது. வெள்ளைச் சட்டையில் கறி பட்ட இடத்துக்குச் சவர்க்காரம் போட்டவுடன் சிவந்து போவதை எல்லாப் பிள்ளைகளும் கண்டிருப்பார்கள். அதை அவர்களைக் கொண்டே சொல்ல வையுங்கள்.

மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் கிணற்றுக்குப் போடும் குளோரீன் தூளையும் சோதனைக்கு எடுக்கவே வேண்டாம். இரண்டும் ஒன்று சேர்ந்தால் குளோரீன் வாயு வரும்.

6. அடர்த்தி

100 மில்லிலீற்றர் தண்ணீரை நிறுங்கள், 100 கிராம். அதே பாத்திரத்தில் 100 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 92 கிராம். வெற்றுப் பாத்திரத்தின் நிறையைக் கழிக்க மறப்பதுதான் இங்கே வழமையான பிழை. பிறகு முட்டை. 500 மில்லிலீற்றர் நீரில் 60 முதல் 80 கிராம் உப்புக் கரைந்தபோது முட்டை மிதக்கத் தொடங்கும். பத்துப் பத்துக் கிராமாகச் சேர்த்து, எந்தக் கிராமில் எழும்பியது என்று பதியட்டும். ஆனையிறவுக் கல்லுப்பு என்றால் முதலில் இடியுங்கள், இல்லாவிட்டால் கரையவே பாடவேளை போய்விடும். பழைய முட்டைக்குள் காற்றறை பெருத்திருக்கும், குறைந்த உப்பிலேயே மிதக்கும். ஆறு குழுவுக்கும் ஒரே நாளில் இட்ட முட்டை கிடைத்தால் நல்லது.

தேங்காயெண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறையும். இங்கே மார்கழி விடியலில் மட்டும் சில நாள் அதைக் காணலாம். மற்ற மாதங்களில் மீன் ஐஸ் கொண்டுவந்து உறைய வையுங்கள். உறைந்த எண்ணெய்த் துண்டு திரவ எண்ணெயில் தாழும், ஐஸ் கட்டி தண்ணீரில் மிதக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு பாடவேளை காணாது.

7. ஒட்சிசன்: மெழுகுதிரியை விடுங்கள், துருவை எடுங்கள்

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுதிரி, மேலே கவிழ்த்த கிளாஸ். தண்ணீர் ஏறும். "ஒட்சிசன் எரிந்து முடிந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று விளக்குவது பிழை. ஒட்சிசன் முடியும் முன்பே திரி அணைந்துவிடும். சூடாகி விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறி, மிச்சம் ஆறிச் சுருங்குவதால்தான் தண்ணீர் பெரும்பாலும் ஏறுகிறது. இரண்டு திரி வைத்தால் இன்னும் உயர ஏறும், ஒட்சிசன் இரண்டு மடங்கானதா என்று பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள்.

இதற்குப் பதில், பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நாரை வினாகிரியில் ஒரு நிமிடம் தோய்த்து உதறி, சோதனைக் குழாயின் அடியில் அடைத்து, தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். திங்கள் வைத்தால் புதன் அளக்கலாம். குழாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர் ஏறியிருக்கும், காற்றில் ஒட்சிசன் 21 வீதம். மினுங்கும் ஸ்டெயின்லெஸ் சுருள் துருப்பிடிக்காது, பார்த்து வாங்குங்கள். இரண்டு நாளும் ஒரே நேரத்தில் அளவெடுங்கள். காலையில் வைத்து மத்தியான வெக்கையில் அளந்தால் காற்று விரிந்து அளவு குறையும்.

8. மின்சுற்று

ஒரு டோர்ச் பற்றரி 1.5 வோல்ற்று. சிவப்பு எல்ஈடிக்கு ஏறத்தாழ 2 வோல்ற்று வேண்டும். ஒன்றில் எரியாது, இரண்டைத் தொடராக வைத்து 100 ஓம் தடையியுடன் கொடுத்தால் எரியும். நீளக் கால் நேர்முனைக்கு. எரியாவிட்டால் முதலில் காலை மாற்றிப் பாருங்கள், பிறகு வயர் நுனியில் மேற்பூச்சுச் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கைப்பேசிப் பற்றரிகளைப் பிள்ளைகள் கொண்டு வருவார்கள், வாங்கி வையுங்கள், பாவிக்காதீர்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. வகுப்பில் செய்ததை வீட்டுப் பிளக்கில் செய்து பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு பாடத்திலும் திரும்பச் சொல்லுங்கள்.

9. எந்தக் காலத்தில் எது

வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காலம். தீ வேண்டிய சோதனைகளைக் காலை முதல் இரண்டு பாடவேளைக்குள் வையுங்கள், காற்று ஏறிய பிறகு திறந்த கொட்டிலில் சுவாலை நிற்காது. சீப்பைத் தேய்த்துத் தாள் துண்டைக் கவரும் நிலைமின் சோதனையும், மண்பானைத் தண்ணீர் ஆவியாகிக் குளிர்வதும் இந்தக் காலத்தில்தான் நன்றாக வரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இவற்றை வைத்தால் ஈரக் காற்றில் ஒன்றும் தெரியாது. மாரியில் செய்ய வேண்டிய முக்கிய வேலை மழைநீர் சேர்ப்பது. முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும், பிறகு 20 லீற்றர்க் கான் ஒன்றை நிரப்பி இறுக மூடுங்கள். மேலே சொன்ன முக்கால்வாசிச் சோதனைகளுக்கு அடுத்த மாரிவரை அது காணும். திறந்து வைத்தால் நுளம்பு பெருகும்.

10. பெறுபேற்றுத் தாளைச் சுவரில் ஒட்டும் முன்

நுரைச் சோதனை அட்டவணையில் பிள்ளையின் பெயரையோ வீட்டையோ எழுதாதீர்கள். கிணறு 1, கிணறு 2 என்று இலக்கம் போடுங்கள். ஒரு வீட்டுக் கிணறு "மோசம்" என்று ஊருக்குள் கதை பரவ வகுப்பு காரணமாகக் கூடாது.

இன்னொன்று, நுரைச் சோதனை வன்மையை மட்டும்தான் சொல்லும். குடிக்க உகந்ததா என்று சொல்லாது. வன்னியின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைட்டு கூடுதலாக உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. பிள்ளைகளின் பற்களில் வெள்ளைத் திட்டோ கபிலப் படலமோ பலரிடம் கண்டால், வகுப்பில் அதைச் சுட்டிக்காட்டாமல், உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தனியே சொல்லி நீர் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். மாதிரி எடுக்கச் சொன்னால் புதிய பிளாஸ்ரிக் போத்தலை அந்தக் கிணற்று நீராலேயே மூன்று தரம் அலசி, கழுத்துவரை நிரப்பி, கிணற்று இலக்கம், திகதி, நேரம் எழுதி ஒட்டி அன்றே கொடுத்துவிடுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம், புளோரைட்டு அளவுக்குப் பிளாஸ்ரிக்தான் சரி.